சேமித்த மின்சாரத்திற்குக் கட்டணம்

மின்சாரத்தை விற்கும் வாரியம் மீட்டரில் ஓடிய யூனிட்டுகளைக் கணக்கிட்டுப் பணம் பெறுகிறது. மின்சாரச் செலவைக் குறைத்துக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு நிறுவனம் எதைக் கணக்கிட்டுப் பணம் பெறுவது? செலவான மின்சாரத்தை அளக்க மீட்டர் உண்டு. செலவாகாமல் மிஞ்சிய மின்சாரத்தை அளக்க மீட்டர் கிடையாது. மருத்துவமனை, விடுதி, கடை, அலுவலகம் முதலிய வணிகக் கட்டிடங்களில் சக்திச் சிக்கனத்தை ஒரு கட்டணச் சேவையாக அளிக்கும் முறை இப்போது பல நாடுகளில் நடைபெற்று வருகிறது. அம்முறையின் நன்மையும், அதில் தோன்றும் வழக்குகளும் இந்த ஒரு வினாவையே சுற்றி அமைந்துள்ளன.

கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப் பகுதிகளில் இவ்வினா தனிப்பட்ட முக்கியத்துவம் பெறுகிறது. வாளையாறு, கொழிஞ்சாம்பாறை, சித்தூர் ஆகிய இடங்கள் கடும் வெப்பம் நிலவும் சமவெளியில் உள்ளன. மூணாறு, தேவிகுளம், வட்டவடை ஆகியவை குளிர்ந்த மலைப்பகுதியில் உள்ளன. ஓரிடத்தில் பொருந்தும் ஒப்பந்தம் மற்றோரிடத்தில் நட்டத்தை விளைவிக்கக்கூடும். அதன் காரணத்தை அறிந்துகொள்வது களப்பணியாளருக்கும் ஆசிரியருக்கும் பயன் தரும்.

முறையின் அடிப்படை

பழைய மின்விசிறி ஒன்று ஏறக்குறைய 75 வாட் மின்சாரத்தை உட்கொள்ளும். காந்த மோட்டார் பொருத்திய புதுவகை விசிறி அதே காற்றை ஏறக்குறைய 30 வாட்டில் அளித்துவிடும். நாளொன்றுக்கு 10 மணி வீதம் ஆண்டில் 300 நாட்கள் ஓடினால், ஒரு விசிறியில் 135 யூனிட் மிச்சமாகும். விளக்கு, குளிர்சாதனம், நீரேற்றும் பம்பு, வெந்நீர்க் கருவி ஆகியவற்றிலும் இவ்வாறே சிக்கனம் காண இயலும்.

ஆயினும் இச்சிக்கனத்தைப் பெற முதலில் பணம் வேண்டும். கட்டிட உரிமையாளரிடம் அப்பணம் இல்லாமலிருக்கலாம். இருந்தாலும், சொன்னபடி மிச்சமாகுமா என்ற ஐயம் அவருக்கு எழலாம். இவ்விரு தடைகளையும் நீக்கவே சக்திச் சேவை நிறுவனம் என்னும் அமைப்பு தோன்றியது. இது ‘எஸ்கோ’ என்ற சுருக்கப் பெயராலும் வழங்கும். இந்நிறுவனம் கட்டிடத்தைச் சோதித்து, தேவையான கருவிகளைத் தன் செலவிலோ கடன் பெற்றோ பொருத்தி, பின்னர் மிச்சமாகும் தொகையினின்றும் தன் முதலையும் ஊதியத்தையும் எடுத்துக்கொள்கிறது.

வாட் காலத்து ஒப்பந்தம்

இக்கருத்து புதியதன்று. ஜேம்ஸ் வாட்டும் அவருடைய கூட்டாளியான மாத்யூ போல்ட்டனும் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கங்களுக்கு நீராவி எஞ்சின்களை அளித்தபோது இம்முறையையே கையாண்டனர். பழைய நியூகோமன் எஞ்சின் அதே வேலைக்கு எவ்வளவு நிலக்கரி எரித்திருக்கும் என்று கணக்கிட்டனர். புதிய எஞ்சினால் மிச்சமான நிலக்கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கைக் கட்டணமாகக் கேட்டனர். எஞ்சின் செய்த வேலையை அறிய, அதன் அசைவுகளை எண்ணும் கருவியொன்று பூட்டிய பெட்டிக்குள் வைக்கப்பட்டது.

சுரங்க உரிமையாளர்கள் தொடக்கத்தில் இதை வரவேற்றனர். ஆண்டுகள் செல்லச் செல்ல, நேரில் காணாத ஒரு செலவைக் கணக்கில் வைத்துப் பணம் கேட்பதாக அவர்களுக்குத் தோன்றலாயிற்று, தகராறுகள் எழுந்தன. பழைய எஞ்சின் கண்முன் ஓடவில்லை. அது எரித்திருக்கக்கூடிய நிலக்கரி ஏட்டில் மட்டுமே இருந்தது. இன்று கட்டிடங்களில் எழும் சிக்கலும் இதுவே.

நால்வகை ஒப்பந்தங்கள்

இப்போது நடைமுறையிலுள்ள ஒப்பந்தங்களைப் பொதுவாக நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது பங்கீட்டு ஒப்பந்தம். நிறுவனம் முதலிடுகிறது; மிச்சமாகும் தொகையை இரு தரப்பாரும் குறித்த விகிதத்தில், குறித்த ஆண்டுகள் வரை பிரித்துக்கொள்கின்றனர்.

இரண்டாவது உத்தரவாத ஒப்பந்தம். முதலீட்டுக்கான கடனை உரிமையாளரே பெறுகிறார். இவ்வளவு மிச்சமாகும் என்று நிறுவனம் உறுதி கூறுகிறது. குறைந்தால் அக்குறையை நிறுவனம் ஈடு செய்ய வேண்டும்.

மூன்றாவது தவணை ஒப்பந்தம். நிறுவனம் கருவிகளைப் பொருத்துகிறது. உரிமையாளர் ஆண்டுதோறும் நிலையான தவணை செலுத்துகிறார். எதிர்பார்க்கும் மிச்சத்தைவிடத் தவணை குறைவாக இருக்குமாறு அமைக்கப்படும்.

நான்காவது பயன் விற்பனை. இதில் மிச்சம் என்ற பேச்சே இல்லை. நிறுவனம் வெந்நீரை லிட்டர் கணக்கிலும், குளிர்ச்சியை டன்-மணிக் கணக்கிலும் விற்கிறது. கருவி நிறுவனத்தினுடையது, அதைச் சிக்கனமாக ஓட்டுவதும் அதன் பொறுப்பு. குறைந்த மின்சாரத்தில் கூடுதல் பயன் அளித்தால் ஆதாயம் நிறுவனத்தைச் சேரும்.

முதல் மூன்று வகைகளிலும் மிச்சத்தைக் கணக்கிட்டே ஆக வேண்டும். தவணை முறையில் அக்கணக்கு ஒப்பந்தத்திற்கு முன்பே செய்யப்பட்டுவிடுகிறது. கணக்குத் தவறினால் இழப்பு உரிமையாளரையே சேரும். நான்காவது வகையில் விற்கப்படும் பொருளையே மீட்டர் வைத்து அளந்துவிடலாம். இவ்வேறுபாடு பெரிதும் கவனிக்கத்தக்கது.

நம் நாட்டில் எடுக்கப்பட்ட நடவடிக்கைகள்

2001ஆம் ஆண்டின் சக்திச் சேமிப்புச் சட்டத்தின்படி, மத்திய சக்திச் சிக்கனச் செயலகம் 2002 மார்ச்சு 1ஆம் நாள் அமைக்கப்பட்டது. வணிகக் கட்டிடங்களுக்கான சக்திச் சேமிப்பு விதித்தொகுப்பு 2007இல் வெளிவந்து, 2017இல் திருத்தப்பட்டது. சட்டமே 2022இல் மேலும் திருத்தப்பெற்றது. தரமதிப்பீடு பெற்ற சக்திச் சேவை நிறுவனங்களின் பட்டியலையும் இச்செயலகம் வெளியிடுகிறது. கேரளத்தில் இச்சட்டத்தின் பணிகளை நிறைவேற்றும் அமைப்பு திருவனந்தபுரத்திலுள்ள சக்தி மேலாண்மை மையமாகும்.

மத்திய மின்சார அமைச்சகத்தின் கீழுள்ள நான்கு பொதுத்துறை நிறுவனங்கள் கூடி 2009இல் ‘எனர்ஜி எபிஷியன்சி சர்வீசஸ் லிமிடெட்’ என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தன. தவணை முறையை நாட்டில் பெருமளவில் பரப்பியது இந்நிறுவனமே. 2015 ஜனவரியில் தொடங்கிய எல்.இ.டி. விளக்குத் திட்டத்தில், சில மாநிலங்களில் வீட்டார் முதலில் 10 ரூபாய் மட்டும் செலுத்தி விளக்கைப் பெற்று, எஞ்சிய தொகையை மின்கட்டணச் சீட்டுடன் தவணையாகச் செலுத்தினர். இதே கொள்கை பின்னர் அரசுக் கட்டிடங்களின் விளக்கு, விசிறி, குளிர்சாதனம் ஆகியவற்றுக்கும் விரிவுபடுத்தப்பட்டது.

கேரள மின்சார வாரியத்தின் ‘சௌரா’ திட்டம் பயன் விற்பனைக்கு நெருங்கியதோர் எடுத்துக்காட்டாகும். அதன் ஒரு பிரிவில், கூரையை மட்டும் உரிமையாளர் அளிப்பார். சூரிய மின்தகடுகளை வாரியம் தன் செலவில் அமைக்கும். உற்பத்தியாகும் மின்சாரத்தில் 10 சதவீதம் உரிமையாளருக்குக் கிடைக்கும். இங்கு உற்பத்தியை மீட்டர் காட்டிவிடுவதால் மிச்சத்தைப் பற்றிய வழக்குக்கு இடமில்லை.

சமவெளியும் மலையும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளியான பாலக்காட்டுக் கணவாயின் வழியே கோவைப் பக்கத்து வறண்ட காற்று வீசுகிறது. மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. 2024 ஏப்ரலில் பாலக்காடு மாவட்டத்திற்கு வானிலைத் துறை வெப்ப அலை எச்சரிக்கை விடுத்தது. ஆகவே இங்குள்ள மருத்துவமனை, துணிக்கடை, வங்கி ஆகியவற்றில் குளிர்சாதனமும் விசிறியுமே மின்செலவின் பெரும்பகுதியாகும். கூரைக்கு வெண்பூச்சு, சன்னலுக்கு நிழல், சிக்கனமான குளிர்சாதனம் ஆகியவை இங்குப் பயன் தருவன. குளிர்சாதனத்தின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தி வைத்தால் அதன் மின்செலவு சுமார் 6 சதவீதம் குறையும் என்று சக்திச் சிக்கனச் செயலகம் மதிப்பிட்டுள்ளது.

மூணாறு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் அங்கு உறைபனி காணப்படுவதுண்டு. அங்குள்ள விடுதிகளுக்குக் குளிர்சாதனம் தேவையில்லை. வெந்நீரே முதன்மையான தேவையாகும். ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோ கலோரி வெப்பம் வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோ கலோரிக்குச் சமம். சமவெளியில் 27 டிகிரியிலுள்ள 100 லிட்டர் நீரை 45 டிகிரிக்கு உயர்த்த ஏறக்குறைய 2.1 யூனிட் போதும். மலையில் நீர் 15 டிகிரியில் இருந்தால், அதே அளவு நீருக்கு ஏறக்குறைய 3.5 யூனிட் செலவாகும்.

சாதாரண மின் வெந்நீர்க் கருவிக்குப் பதிலாக, காற்றிலுள்ள வெப்பத்தை நீருக்கு மாற்றும் வெப்பப் பம்பு என்னும் கருவியைப் பொருத்தினால், இச்செலவு மூன்றில் ஒரு பங்கு அளவிற்குக் குறையக்கூடும். ஆனால் காற்று குளிரக் குளிர இக்கருவியின் திறனும் குறையும். சமவெளியில் சோதித்த திறனை அப்படியே மலைக்கும் எழுதிக்கொள்வது தவறாகும். சூரிய வெந்நீர்க் கருவிக்கும் இவ்வாறே தென்மேற்குப் பருவக்காற்றின் மேகமூட்டம் தடையாகும்.

அடிப்படை அளவும் அதன் திருத்தமும்

சிக்கன ஏற்பாடு செய்யாதிருந்தால் கட்டிடம் எவ்வளவு மின்சாரம் செலவிட்டிருக்கும் என்ற கணக்கே அடிப்படை அளவு எனப்படும். பொதுவாக முந்திய 12 மாதங்களின் மின்கட்டணச் சீட்டுகளிலிருந்து இது பெறப்படுகிறது. அத்துடன் நின்றுவிட்டால் பெருந்தவறு நேரும். ஏனெனில் மின்செலவு கருவியை மட்டும் பொறுத்ததன்று. வெப்பநிலை, தங்குவோர் தொகை, வேலை நேரம் ஆகியவற்றையும் பொறுத்தது.

இரண்டு கற்பனை எடுத்துக்காட்டுகளால் இதனை விளக்கலாம். கணக்கின் எளிமைக்காக ஒரு யூனிட்டின் விலை 8 ரூபாய் என்றும், பங்கீட்டு ஒப்பந்தத்தில் நிறுவனத்தின் பங்கு 80 சதவீதம் என்றும் கொள்வோம்.

முதலாவது, சமவெளியிலுள்ள 80 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை. அதன் ஆண்டுச் செலவு 1,20,000 யூனிட். அதில் 40,000 யூனிட் எப்போதும் ஆகும் நிலையான செலவு. எஞ்சியது படுக்கைக்கு 1,000 யூனிட் வீதம் ஆவது. சிக்கன ஏற்பாட்டிற்குப் பின் மருத்துவமனை 100 படுக்கைகளாக வளர்கிறது. ஏற்பாடு செய்யாதிருந்தால் 1,40,000 யூனிட் ஆகியிருக்கும். மீட்டர் காட்டுவதோ 98,000 யூனிட். உண்மையான மிச்சம் 42,000 யூனிட். பழைய அளவையே வைத்துக் கணக்கிட்டால் 22,000 யூனிட் மட்டுமே மிச்சமானதாகத் தோன்றும். நிறுவனம் தனக்குரியதில் ஏறக்குறையப் பாதியை இழக்கும். வெப்ப அலை வீசிய ஆண்டிலும் இத்தகைய இழப்பு நேரும்.

இரண்டாவது, மலையிலுள்ள விடுதி. அதன் நிலையான செலவு ஆண்டுக்கு 24,000 யூனிட். ஓர் அறையில் ஓரிரவு விருந்தினர் தங்கினால் மேலும் 6 யூனிட் ஆகும். ஆண்டில் 6,000 அறை-இரவுகள் நிரம்பினால் மொத்தம் 60,000 யூனிட். இதுவே அடிப்படை அளவாக ஒப்பந்தத்தில் எழுதப்படுகிறது. மறு ஆண்டு வெள்ளம் வந்து சாலைகள் அடைபட்டு, 4,000 அறை-இரவுகளே நிரம்புகின்றன. எந்தச் சிக்கன ஏற்பாடும் இல்லாமலேயே செலவு 48,000 யூனிட்டாகக் குறைந்திருக்கும். மீட்டர் காட்டுவது 42,000 யூனிட். உண்மையான மிச்சம் 6,000 யூனிட் மட்டுமே. திருத்தம் செய்யாத கணக்கிலோ மிச்சம் 18,000 யூனிட்.

முதற்கணக்கின்படி நிறுவனத்திற்குரியது 38,400 ரூபாய். இரண்டாவது கணக்கின்படி 1,15,200 ரூபாய். வருமானம் குன்றிய ஆண்டில், வெள்ளம் மிச்சப்படுத்திய மின்சாரத்திற்காக விடுதிக்காரர் 76,800 ரூபாய் அதிகமாகக் கொடுக்க நேரும்.

இஃது எண்ணிப் பார்க்க மட்டும் எழுந்த அச்சமன்று. 2018 ஆகஸ்டில், நீலக்குறிஞ்சி மலர்வதைக் காணப் பெருந்திரளான பயணிகள் எதிர்பார்க்கப்பட்ட வேளையில், வெள்ளத்தாலும் மண்சரிவாலும் மூணாறு பல நாட்கள் துண்டிக்கப்பட்டது. 2020இல் பொது முடக்கத்தால் விடுதிகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. திருத்த விதி எழுதப்படாத ஒப்பந்தம் இத்தகைய ஆண்டுகளில் ஒரு சாராரை நட்டத்திற்கு உள்ளாக்கும்.

அளக்கும் முறைகள்

மிச்சத்தை அளந்து உறுதி செய்வதற்குச் சர்வதேச நெறிமுறை ஒன்று 1990களில் வகுக்கப்பட்டது. அது நான்கு வழிகளைக் கூறுகிறது. விளக்கு போன்ற எளிய கருவியில், அது கொள்ளும் வாட் அளவை மட்டும் அளந்து, எரியும் நேரத்தை மதிப்பிட்டுக்கொள்ளலாம். பம்பு, குளிர்சாதனம் போன்றவற்றுக்குத் தனி மீட்டர் பொருத்தி முழுவதையும் அளக்கலாம். ஏற்பாடுகள் பல ஒருங்கே செய்யப்பட்டால், கட்டிடம் முழுவதற்குமான மீட்டரைக் கொண்டு வெப்பநிலைக்கும் தங்குவோர் தொகைக்கும் ஏற்பத் திருத்திக் கணக்கிடலாம். பழைய கணக்கே இல்லாத புதுக்கட்டிடமாயின், கணிப்பொறி மாதிரியால் மதிப்பிடலாம். துல்லியம் கூடக் கூட அளக்கும் செலவும் கூடும். எனவே சிறிய கட்டிடத்திற்கு எளிய வழியே ஏற்றது.

மேற்கூறியவற்றிலிருந்து ஒரு விதியை வகுத்துக்கொள்ளலாம். பயனை நேரே அளக்கக்கூடிய இடத்தில் பயனையே விலைக்கு வாங்குவது நலம். அளக்க இயலாத இடத்தில் அடிப்படை அளவையும் அதன் திருத்த விதியையும் முன்னரே எழுதிக்கொள்வது நலம். மலையிலுள்ள விடுதி வெந்நீரை லிட்டர் கணக்கில் வாங்கினால், விருந்தினர் இல்லாத மாதத்தில் கட்டணமும் தானே குறையும். ஆனால் குறைந்தபட்சக் கட்டணம் என்னும் நிபந்தனை அவ்வொப்பந்தத்தில் இருந்தால், அந்நன்மை மறைந்துவிடும். சமவெளியிலுள்ள மருத்துவமனைக்கோ விளக்கு, விசிறி, குளிர்சாதனம் ஆகிய பலவும் சேர்ந்திருப்பதால் திருத்த விதியுடன் கூடிய பங்கீட்டு ஒப்பந்தமோ உத்தரவாத ஒப்பந்தமோ பொருந்தும்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

மிச்சம் யூனிட்டில் கணக்கிடப்படுகிறதா, ரூபாயில் கணக்கிடப்படுகிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். மின்கட்டணம் உயர்ந்தால் ரூபாய்க் கணக்கும் உயரும். உயர் அழுத்த இணைப்புகளில் யூனிட் கட்டணத்துடன், கோரிய மின்தேவைக்கான கட்டணமும் உண்டு; யூனிட் குறைந்ததனால் அது தானே குறைந்துவிடாது. எல்லையின் இருபுறமும் கிளைகள் உடைய வணிகர், கேரளக் கட்டண வீதத்தையும் தமிழ்நாட்டு வீதத்தையும் தனித்தனியே கணக்கிட வேண்டும்.

அடுத்து, சேவையின் தரம் எழுதப்பட்டிருக்க வேண்டும். அறையை இருளாக்கியும், குளிர்சாதனத்தை நிறுத்தியும் மின்செலவைக் குறைப்பது சிக்கனமாகாது. வெளிச்சம், வெப்பநிலை, வெந்நீரின் சூடு ஆகியவற்றின் குறைந்த அளவு குறிக்கப்பட வேண்டும். கருவி பழுதானால் எத்தனை நாட்களுக்குள் சீர்செய்யப்படும் என்பது மலைப்பகுதிகளில் மிக முக்கியமானது. ஒப்பந்தம் முடிந்தபின் கருவி யாருக்குரியது, கணக்கில் பிணக்கு எழுந்தால் தீர்ப்பளிக்கும் மூன்றாமவர் யார் என்பவற்றையும் தெளிவாக்கிக்கொள்ளுதல் வேண்டும்.

களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

ஒப்பந்தப் பத்திரம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். சிறு விடுதிக்காரரும் மருத்துவமனை நிர்வாகியும் அதன் திருத்த விதிகளைப் புரிந்து கையெழுத்திடுமாறு தமிழில் எடுத்துரைப்பது களப்பணியாளரின் கடமையாகும். கையெழுத்திடுமுன், 12 மாதக் கட்டணச் சீட்டுகள், மாதந்தோறும் தங்கியோர் அல்லது நோயாளிகள் தொகை, கருவிகளின் பட்டியல், அவை ஓடும் நேரம் ஆகிய நான்கையும் ஒரே ஏட்டில் தொகுக்கச் சொல்ல வேண்டும். இவ்வேடு இல்லையெனில், அடிப்படை அளவை நிறுவனம் ஒன்றே எழுதும். மற்றவர் அதை ஏற்பதன்றி வேறு வழியிராது.

ஆசிரியர்கள் பள்ளிக் கட்டிடத்தையே பாடமாகக் கொள்ளலாம். மாணவர்கள் நாள்தோறும் ஒரே நேரத்தில் மீட்டரைப் படித்து, அன்றைய வெப்பநிலையையும் வருகையையும் அருகே குறித்து வரட்டும். சில வாரங்களில், வெயில் ஏறும்போது யூனிட் எவ்வாறு ஏறுகிறது, விடுமுறையில் எவ்வாறு இறங்குகிறது என்பது வரைபடத்தில் தெளிவாகும். அதன்பின் ஓர் அறையின் விளக்குகளை மாற்றி, மிச்சம் எவ்வளவு என்று அவர்களையே கணக்கிடச் செய்யலாம். மீட்டர் காட்டும் குறைவு வேறு, சிக்கனத்தால் வந்த மிச்சம் வேறு என்பதை அவர்கள் தாமே கண்டறிவர்.

முதலீடின்றிச் சிக்கனம் பெறும் வாய்ப்பு எல்லைப் பகுதியின் சிறு நிறுவனங்களுக்குப் பெரிதும் உதவக்கூடியது. பொருளை எடைபோட்டு வாங்குவது போலவே மிச்சத்தையும் கணக்கிட்டு வாங்கப் பழகினால், அவ்வுதவி முழுமையாகக் கிட்டும்.